அவன் சொல்லாமல் விட்டது

"வரலைம்மா. காய்ச்சலாம். இப்பத்தான் போன் பண்ணினார்" என்றார் சமரச மையத்தின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஊழியர்.

நீதிமன்றம் ஏற்பாடு செய்திருந்த சைகை மொழிபெயர்ப்பாளரைத்தான் சொன்னார். கேட்டதும் அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. இன்றைக்குத் தப்பித்தோம்.

விவாகரத்தில் இரண்டு பேருக்கும் மறுப்பு இல்லை. பாக்கி இருந்தது ஒரே ஒரு விஷயம்: பத்து வயது மகள் யாரிடம் வளர்வது? பேசித் தீர்த்துக்கொண்டு வாருங்கள், தீராவிட்டால் வழக்காக நடக்கட்டும் என்று நீதிபதி இங்கே அனுப்பியிருந்தார். பேச்சு தள்ளிப்போனால் மகள் இப்போது இருக்கிற மாதிரியே அவளோடு இருப்பாள். நாளாக நாளாக அதுவே பழகிவிடும். பழகியதை எந்த நீதிபதியும் லேசில் கலைக்க மாட்டார். இது அவளாகக் கண்டுபிடித்ததல்ல, அவளுடைய வக்கீலம்மா காதில் போட்டுவைத்தது.

எதிர் பெஞ்சில் அவள் கணவன் உட்கார்ந்திருந்தான். அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவன். எவ்வளவு தேய்த்தாலும் போகாத நீல மை நகக்கண்களில் குடியிருந்தது. பிறவியிலேயே காது கேட்காது. யாராவது வாயசைத்தால் உடனே அவள் முகத்தைத்தான் பார்ப்பான், கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். இன்று பார்க்கவில்லை. தன் வக்கீலின் முழங்கையைத் தொட்டு செல்போனை நீட்டினான். அவர் எழுதிக் காட்டியதைப் படித்துவிட்டு வேகமாக ஏதோ எழுதத் தொடங்கினான்.

"நல்லதாப் போச்சு" என்றான் அவள் பக்கத்தில் நின்ற அண்ணன். "தேதி வாங்கிட்டுக் கிளம்புவோம். நான் கடையைத் திறக்கணும்."

"பேசினாலும் பயமில்லை" என்றார் வக்கீலம்மா. "ஒரே பாயிண்ட்ல முடிச்சிடுவேன். அவருக்குக் கேட்காது. வீட்ல ஒரு பொண்ணு கீழே விழுந்து கத்தினா யாருக்குத் தெரியும்? பாத்ரூம்ல மாட்டிக்கிட்டா? அவ்வளவுதான், கதை முடிஞ்சுது."

அவளுக்குச் சுருக்கென்றது. "அதைச் சொல்லித்தான் ஆகணுமா மேடம்?"

"நீங்க ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம். நான் பார்த்துக்கறேன். நீங்க சும்மா தலையைக் குனிஞ்சு உட்காருங்க."

"உனக்குப் பொண்ணு வேணுமா, அவன் மனசு நோகாம இருக்கணுமா?" என்றான் அண்ணன்.

"பொண்ணு."

"அப்போ வாயை மூடிக்கோ. இத்தனை வருஷமா அவனுக்கும் சேர்த்துப் பேசியிருக்கே. கொஞ்சம் ரெஸ்ட் எடு."

ரெஸ்ட் எடுக்க விதி விடவில்லை. உள்ளறைக் கதவு திறந்து சமரசம் பேசுகிறவர் எட்டிப் பார்த்தார். ஓய்வு பெற்ற நீதிபதி. மேலுதட்டை முழுசாக மூடிய மீசை. அவள் கணவன் உதட்டசைவை ஓரளவு படிப்பான். ஆனால் இந்த மாதிரி மீசைக்காரர் வாய் திறந்தால் அவனுக்குக் கரண்ட் போன வீடுதான்.

"இன்னொரு தேதின்னா கோர்ட் லீவு முடிஞ்சுதான் கிடைக்கும்" என்றார் அவர்.

கணவனின் வக்கீல் எழுந்தார். "சார், என் கட்சிக்காரர் காத்திருக்கத் தயாரில்லை. பொண்ணைக் கோர்ட்டோட குழந்தைகள் அறையில கண்ணாடிக் கதவுக்குள்ள பார்க்கறதே அவருக்கு நரகமா இருக்கு. மொழிபெயர்க்க ஆள் இங்கேயே இருக்காங்கன்னு சொல்றார்."

"யாரு?"

"அவர் மனைவி."

மீசைக்காரர் நெற்றியைச் சுருக்கினார். "அதெப்படிய்யா? எதிர்த்தரப்பே மொழிபெயர்க்கறதா?"

"அவரே கேட்கறார் சார். எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தர்றார்."

"எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று வக்கீலம்மா முந்திக்கொண்டார். பிறகு அவள் காதோரம் குனிந்தார். "மைக் நம்ம கைக்கு வருது. யாராவது வேண்டாம்பாங்களா?"

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அறையில் ஒரு வட்ட மேஜை, ஒரு டிஷ்யூ பெட்டி, சுவரில் யாரும் ஏறிட்டுப் பார்க்காத ஒரு அருவிப் படம். வட்ட மேஜை போட்டால் சண்டை குறையும் என்று யாரோ நம்பியிருக்க வேண்டும். அண்ணனை வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

"ஒரு விஷயம் தெளிவா இருக்கட்டும்" என்றார் மீசைக்காரர். "கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அவர் 'நான்'னு சொன்னா நீங்களும் 'நான்'னே சொல்லுங்க. 'அவர் சொல்றார், அவர் சொல்றார்'னு இழுக்க வேண்டாம். முடியுமாம்மா?"

"முடியும் சார்."

அதை அவள் கைகளால் அவனுக்குச் சொன்னாள். குறைக்கக் கூடாது என்ற இடம் வந்தபோது அவன் உதட்டோரம் கோணியது. சிரிப்பு அல்ல அது.

குறைத்ததுதானே இத்தனைக்கும் காரணம்.

அவள் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பறையில் வேலை பார்த்தாள். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள வந்தவரிடம் "லேசா ஒரு சுருக், அவ்வளவுதான்" என்று சொல்லி உள்ளே அனுப்புகிற வேலை. அதே கைங்கரியத்தை வீட்டிலும் செய்தாள். 'செவிட்டுப் பயலுக்கெல்லாம் வீடு விடறதில்லை' என்று வீட்டுக்காரர் சொன்னால், 'வேற ஆளுக்குக் கொடுத்துட்டாங்களாம்' என்று கைகள் சொல்லும். அச்சக மேனேஜர் அவனைக் குத்திப் பேசினால், 'நல்லா வேலை செய்றியாம்.' அண்ணனின் கிண்டலுக்கு, 'உடம்பைப் பார்த்துக்கச் சொல்றான்.' டீ வடிகட்டி மாதிரி நடுவில் நின்று சக்கையெல்லாம் தானே வைத்துக்கொண்டாள். அவன் தெளிவாகக் குடித்துக்கொண்டிருந்தான்.

அதில் மண் விழுந்தது அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில். அண்ணன் என்னவோ சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். என்ன என்று அவன் புருவத்தால் கேட்டான். 'கறி உப்புக் கரிக்குதாம்' என்றாள் அவள். எதிரில் உட்கார்ந்திருந்த மகள் ஸ்பூனைக் கீழே வைத்தாள். பிறந்ததிலிருந்து வாயும் கையும் இரண்டும் பேசுகிற பெண். 'இல்லப்பா. பொம்மை கூடச் சாவி கொடுத்தா கத்தும், மாப்பிள்ளை அது கூட இல்லைன்னு மாமா சொன்னார்.'

அவன் மாமாவைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான். அன்று வீடு திரும்பியதும் கேட்டான்: 'இதுக்கு முன்னாடி எத்தனை?' சத்தியமாக அவளுக்கே தெரியாது.

"முதல்ல உங்க கோரிக்கை என்னன்னு சொல்லுங்கம்மா" என்றார் மீசைக்காரர் வக்கீலம்மாவைப் பார்த்து.

"பொண்ணு அம்மாகிட்டயே இருக்கட்டும் சார். மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை அப்பா வந்து பார்த்துக்கலாம். நாள் முழுக்க மை பூசிக்கிட்டு நிக்கிற மனுஷனுக்கு அதுவே தாராளம்."

அவள் கைகள் கோரிக்கையைச் சொல்லி முடித்து மடிக்கு இறங்கின. டொக், டொக். அவன் மேஜையைத் தட்டினான்.

'வக்கீல் நீளமாப் பேசினாங்க. உன் கை குட்டையா முடிஞ்சிடுச்சு.'

"என்னங்கறார்?" என்றார் மீசைக்காரர்.

அவள் அப்படியே சொன்னாள். "வக்கீல் நீளமாப் பேசினாங்க. உன் கை குட்டையா முடிஞ்சிடுச்சு."

"யார் கை?"

"என் கை சார்."

வக்கீலம்மா பேனா மூடியைத் திருகினார். அவள் மை விஷயத்தையும் கைகளால் சொன்னாள். சொல்லும்போது காது மடல் கொதித்தது. அவன் தன் நகங்களைப் பார்த்தான். தோளைக் குலுக்கினான்.

'மை பூசிக்கிட்டு நிக்கிறது நிஜம்தானே. அவங்களுக்கு வர்ற கல்யாணப் பத்திரிகையெல்லாம் நாங்க அடிச்சதாத்தான் இருக்கும். விவாகரத்துக்குப் பத்திரிகை அடிக்கிற பழக்கம் இன்னும் வரலை.'

அவள் சொன்னதும் மீசைக்காரர் சிரித்துவிட்டார். வக்கீலம்மாவுக்கே உதடு துடித்தது. அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் எதற்குப் பயந்தோமோ, அது மேஜை மேல் விழுந்து உடையாமல் உருண்டு போனது.

"சரி, இப்போ அவர் பக்கத்தைச் சொல்லட்டும்."

அவன் கைகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டு நிமிர்ந்தான். அவளுக்கென்று அவன் வைத்திருந்த பெயர் ஒன்று உண்டு. புருவத் தழும்பை இரண்டு விரலால் தொட்டுக்காட்டும் பெயர். இன்று அதை உபயோகிக்கவில்லை. வெறுமனே விரல் நீட்டினான். அவள் அவன் குரலானாள்.

"இவ எனக்குக் கெடுதல் செய்யலை. அடிக்கலை, திட்டலை. எனக்குன்னு ஒரு நல்ல உலகத்தைத் தயார் பண்ணிக் கொடுத்தா. அதுல எல்லாரும் என்னை மதிச்சாங்க. மேனேஜர் பாராட்டினார். நான் அவரைப் பார்த்து தினமும் சிரிச்சேன். அவர் என்னைத் திட்டிக்கிட்டிருந்தப்பவும் சிரிச்சேன்." அவன் கைகள் நிற்கவில்லை. "ஊருக்கு முன்னாடி நான் பைத்தியக்காரன் மாதிரி நின்னிருக்கேன். அந்த ஊர்லயே ஒருத்திக்குத்தான் அது தெரியும். அவ என் பக்கத்துல படுத்திருந்தா."

அவள் நிறுத்தினாள். தன் வாயாலேயே தன் கன்னத்தில் அறைந்துகொண்ட மாதிரி இருந்தது.

"தண்ணி வேணுமாம்மா?"

"வேண்டாம் சார். இன்னும் இருக்கு." அவன் கையைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தாள். "பொண்ணு பாதி நாள் என்கிட்ட இருக்கணும். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துலயே வீடு எடுத்திருக்கேன். பகல் ஷிப்ட் கேட்டு வாங்கியாச்சு."

வக்கீலம்மா நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். அவர் காத்திருந்த இடம் இதுதான்.

"சார், நான் வெளிப்படையாவே கேட்கறேன். இவருக்குச் சுத்தமாக் கேட்காது. தனி வீட்ல அந்தப் பொண்ணுக்கு மூச்சு முட்டுதுன்னு வைங்க, வலிப்பு வருதுன்னு வைங்க. பக்கத்து ரூம்ல இருக்கற அப்பனுக்குத் தெரியுமா? கத்திக் கத்திச் செத்தாலும் தெரியாது. ஒரு குழந்தையை இவரை நம்பி விடறது, பூட்டின வீட்ல தனியா விடறதுக்குச் சமம்."

எல்லாரும் அவள் கைகளைப் பார்த்தார்கள்.

"சுருக்கமாச் சொன்னாப் போதும்" என்று வக்கீலம்மா முணுமுணுத்தார்.

சுருக்கலாம். மகளை எப்படிக் கவனிப்பீங்கன்னு கேட்கறாங்க என்று சொன்னால் போதும். அவன் சமையலையும் ஷிப்டையும் பற்றிப் பதில் சொல்வான். மீசைக்காரர் காதில் அது மழுப்பலாக விழும். கேட்ட கேள்விக்கு இந்த ஆளிடம் பதில் இல்லை என்று நினைப்பார். மகள் அவளிடமே தங்கிவிடுவாள். அதுவும் எவ்வளவு பழகிப்போன வேலை. அவள் கைகள் கேட்காமலே அந்தப் பக்கம்தான் சாய்ந்தன.

அவன் வக்கீலம்மாவின் உதட்டைப் பார்த்து முடித்துவிட்டு இப்போது அவள் கைகளுக்காகக் காத்திருந்தான். பாதி புரிந்திருக்கும். மீதி அவள் கையில்.

அவள் சொன்னாள். மூச்சு, வலிப்பு, கத்திக் கத்திச் செத்தாலும், பூட்டின வீடு. எதையும் விடவில்லை. அவன் முகம் வெளுப்பதைப் பார்த்துக்கொண்டே கடைசி வார்த்தை வரைக்கும் சொன்னாள்.

அவன் மேஜையின் விளிம்பில் உள்ளங்கையை வைத்தான். பிறகு மெதுவாகத் தொடங்கினான்.

"எனக்குக் கேட்காது. ஆனா தெரியும்" என்றாள் அவள். "அவ கைக்குழந்தையா இருந்தப்ப கட்டில் கால்ல கையை வச்சுக்கிட்டுத்தான் தூங்குவேன். அவ அசைஞ்சா எனக்கு முழிப்பு வந்துடும். இப்போ புது வீட்ல அவ தலையணைக்குக் கீழே பட்டன் வச்சிருக்கேன், அமுக்கினா என் படுக்கை அதிரும். கதவு மணி அடிச்சா விளக்கு எரியும். அவ்வளவுதான்."

கைகள் மடிக்குத் திரும்பின.

அவ்வளவுதானா? அவள் திகைத்துப் போனாள். வலிப்பு என்று வக்கீலம்மா வாய்க்கு வந்ததைச் சொன்னார். ஆனால் அது நடந்தது. மகளுக்கு இரண்டு வயதிருக்கும்போது, ஒரு மத்தியானம். சளி மாத்திரை போட்டுக்கொண்டு அவள் பக்கத்து அறையில் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள். கட்டில் கால் நடுங்கியது அவனுக்குத்தான் தெரிந்தது. செருப்புக்கூடப் போடாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அவள் கண்விழித்தபோது வீடு காலி, கதவு விரியத் திறந்து கிடந்தது. பிறகு சொந்தபந்தம் எல்லாரிடமும் 'நாங்க ரெண்டு பேரும் தூக்கிட்டு ஓடினோம்' என்று அவள்தான் சொன்னாள். அவர்கள் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்ததை அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

இந்த ஒன்றைச் சொன்னால் வழக்கு அவன் பக்கம் சாய்ந்துவிடும். அது அவனுக்குத் தெரியாமலா இருக்கும்?

"பட்டன், விளக்கு எல்லாம் சரி" என்றார் மீசைக்காரர், தாடையைத் தடவியபடி. "ஆனா உடம்புக்கு நிஜமாவே ஏதாவது ஒண்ணுன்னா..." அவர் தலை லேசாக வக்கீலம்மா பக்கம் ஆடியது.

மகள் அவள் கைக்குள் வந்துகொண்டிருந்தாள். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

"சார்" என்றாள் அவள். "இது அவர் சொல்லலை. நான் சொல்றேன்."

"என்ன பண்றீங்க?" என்று வக்கீலம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவள் விடுவித்துக்கொண்டு மளமளவென்று கொட்டினாள். மாத்திரை, தூக்கம், கட்டில் கால், திறந்து கிடந்த கதவு, ஊரெல்லாம் தான் சொன்ன பொய். "கேட்கற காது எனக்குத்தான் இருந்துச்சு சார். குழந்தையைக் காப்பாத்தினது அவர்."

வக்கீலம்மா பேனாவை மேஜை மேல் போட்டார். மீசைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவளுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. கடைசியில் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம்.

டொக், டொக், டொக்.

'என்ன பேசினே? கையே அசையலை. எல்லாரும் என்னைப் பார்க்கறாங்க. என்ன சொன்னே?'

அவள் சொன்னாள். அவன் முகம் இளகும் என்று எதிர்பார்த்துச் சொன்னாள். இளகவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. அவன் கைகள் காற்றை வெட்டின. அவள் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தாள்.

"மொழிபெயர்க்கணும்மா" என்றார் மீசைக்காரர் மெதுவாக.

"அதை நான் சொல்லாம விட்டேன்" என்றாள் அவள். ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. "மறந்துபோய் விடலை. பொண்ணோட அம்மாவை ஒரு ஆபீஸ்ல வச்சு அசிங்கப்படுத்தி அவளை வாங்க வேண்டாம்னு விட்டேன். அது நான் எடுத்த முடிவு. என்னோடதுன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் நீயே எடுத்துப் பேசிட்டே. என்னைக் கேட்கக்கூட இல்லை."

அவள் அதோடு நின்றிருக்கலாம். அவன் இன்னும் முடிக்கவில்லை.

"குறைச்சாலும் நீதான். கூட்டினாலும் நீதான். நான் எப்போ பேசறது?"

மீசைக்காரர் டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் எடுக்கவில்லை. எடுத்தால் அழவேண்டி வரும். அழுதால் கண் மறைத்துவிடும், அவன் பேசுவதைச் சொல்ல முடியாது.

அவன் மூச்சு மெல்ல அடங்கியது. மறுபடி கைகளைத் தூக்கியபோது வேகம் குறைந்திருந்தது.

"எனக்கு இன்னொண்ணும் வேணும். பள்ளிக்கூடத்துல கூட்டம், டாக்டர், பேங்க், எதுவானாலும் நான் ஆள் வச்சுக்கறேன். என் பொண்ணு எனக்கு வாயா இருக்க வேண்டாம். இந்த வயசுலயே நடுவுல நின்னு எதைச் சொல்றது, எதை விடறதுன்னு யோசிக்க ஆரம்பிச்சிட்டா. நான் பார்த்தேன்." ஒரு கணம் தயங்கியது கை. "இவளையும் நடுவுல நிறுத்தினது நான்தான். சௌகரியமா இருந்துச்சு. இறங்கிக்கோன்னு ஒரு நாளும் சொல்லலை."

மீசைக்காரர் தாளை எடுத்தார். வாரம் ஒரு வீடு என்று முறை வைத்துக்கொண்டால் என்ன என்றார். பள்ளிக்கூடம் இரண்டு வீட்டுக்கும் கிட்டத்தில்தான்.

"ஒத்துக்காதீங்க" என்றார் வக்கீலம்மா அடிக்குரலில். "இங்க சொன்னது எதுவும் கோர்ட்டுக்குப் போகாது. வழக்கு நடத்தினா இன்னும் நமக்கு வாய்ப்பு இருக்கு. சொல்றதைக் கேளுங்க. ஜெயிக்கலாம்."

"ஜெயிக்கலாம் மேடம். தெரியுது."

"அப்புறம் என்ன?"

ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வீட்டில் மகளின் செருப்பு இருக்காது. ஷாம்பூ வாசனை இருக்காது. காலையில் யாரையும் கத்தி எழுப்ப வேண்டியிருக்காது. அவள் கணவன் பக்கம் திரும்பி, வாய் திறக்காமல், கைகளால் மட்டும் சொன்னாள்: 'வாரம் ஒரு வீடு. எனக்குச் சம்மதம்.' அவன் பார்த்தான். தலையசைத்தான். நன்றி என்றெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகுதான் அவள் மீசைக்காரரிடம் வாயால் சொன்னாள்.

"போய் ரெண்டு பேருமாச் சேர்ந்து பொண்ணுகிட்ட சொல்லிடுங்க. ஆளுக்கொண்ணா சொல்லாதீங்க" என்றார் அவர்.

நடைபாதையில் அண்ணன் ஓடிவந்தான். "என்னாச்சு? முடிச்சாச்சா?"

"முடிஞ்சுது. ஒரு வாரம் அவர்கிட்ட, ஒரு வாரம் என்கிட்ட."

"என்னடி உளறே? வக்கீலம்மா, என்ன இது?"

"உங்க தங்கச்சியைக் கேளுங்க" என்று வக்கீலம்மா ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

குழந்தைகள் அறையில் ஒரு பிளாஸ்டிக் சறுக்கு மரமும் தலையில்லாத ஒரு கரடி பொம்மையும் இருந்தன. துணைக்கு வந்திருந்த அண்ணி செல்போனில் மூழ்கியிருந்தாள். மகள் கண்ணாடிக் கதவு வழியாக இருவரும் ஒன்றாக வருவதைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றாள். முகத்தில் பயம். ஒன்றாக வந்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் மகள் முன்னால் மண்டியிட்டு, வாயாலும் கையாலும் சொன்னாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்று தலையசைத்தான். மகள் அழவில்லை. இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு அப்பா பக்கம் திரும்பி, கைகளால் கேட்டாள்.

'அந்த வீட்ல நான் எங்கே தூங்குவேன்?'

அவளுக்குப் பதில் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. பெரிய ரூம்லதான் இருக்கும், ஜன்னல் இருக்கும், பயப்படாதே. அந்த வீட்டைப் பார்க்காமலே அளந்துவிட்டிருப்பாள். கேள்வி அவளிடம் கேட்கப்பட்டதல்ல.

அவன் கைகள் உயர்ந்தன. அறையின் அளவைக் காற்றில் வரைய ஆரம்பித்தான்.

மற்றவர்கள் பேசும்போது ஒதுங்கிப் போனாலே காதில் விழாது. கைகள் பேசும்போது ஒதுங்குவதென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அவள் எழுந்து ஜன்னலோரம் போய், அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். கீழே வாகனம் நிறுத்துமிடத்தில் ஒரு வேன் பின்னால் எடுக்க இடமில்லாமல் முன்னும் பின்னுமாகத் திணறிக்கொண்டிருந்தது.

முதுகுக்குப் பின்னால் மகள் என்னவோ ஒன்றுக்குச் சட்டென்று சிரித்தாள். எதற்கென்று தெரியவில்லை. திரும்பினால் தெரிந்துவிடும்.

அவள் அந்த வேனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.